தெரியாது என்று சொன்ன நீதிபதி

2021 மார்ச் மாதம். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20. ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். சேர்ந்து வாழ நினைத்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. மகளைக் காணோம் என்று பெற்றோர் புகார் கொடுக்க, போலீஸ் தேடிக்கொண்டு வந்தது. இருவரும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார்கள்.

வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஒரே நாளில் ஆணை போட்டு அனுப்பியிருக்கலாம். அவர் முதலில் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியல் ஆலோசகரைச் சந்திக்கச் சொன்னார். பிறகு, தன்பால் விருப்பம் பற்றித் தமக்கே சரியான புரிதல் இல்லை, தீர்ப்பு எழுதுமுன் தாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஆலோசகரிடம் தமக்கும் நேரம் கேட்டார். போனார். உட்கார்ந்து கேட்டார். மனசில் இருந்த சந்தேகங்களையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஜூன் 7-ஆம் தேதி ஆணை வந்தது. ஊரில் எல்லோருக்கும் இருக்கும் தப்பான எண்ணங்கள் தமக்கும் இருந்தன என்று நீதிபதி அதில் எழுதினார். வழக்குப் போட்ட அந்தப் பெண்களையும் உளவியல் ஆலோசகரையும் ஒரு திருநங்கை மருத்துவரையும் தம் குருமார்கள் என்று குறிப்பிட்டு, தம் அறியாமை இருட்டிலிருந்து வெளியே இழுத்து வந்தவர்கள் அவர்கள்தான் என்றார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தம் கையெழுத்துக்கு மேலே எழுதிய வரிகள் இவை. நம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர்கூட ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல யோசிப்பார்.

இரண்டு பெண்களைப் பற்றிய புகார்களும் முடித்துவைக்கப்பட்டன. வழக்கு அதோடு நிற்கவில்லை. தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும் திருநர்களையும் ‘குணப்படுத்துகிறேன்’ என்று மருத்துவர்கள் கிளம்பக் கூடாது என்றது நீதிமன்றம். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு காவல்துறையின் நடத்தை விதிகளில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது: இவர்களையோ இவர்களுக்குத் துணை நிற்பவர்களையோ போலீஸார் துன்புறுத்தக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை செய்வது தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. இவ்வளவுக்கும் வித்து, ஒரு மனிதர் தமக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதுதான்.

மாறுபட்டவர்களை மதிக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆனால், ஏற்றுக்கொள்வதை ஏதோ பெரிய மனசு பண்ணிக் கொடுக்கும் தர்மம் போல நினைக்கிறோம். தாங்கள் யார் என்பதை மறைக்காமல் வாழத் துணிந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். வீடு, படிப்பு, வேலை, சில நேரம் உயிர் என்று அதற்கான விலையையும் கொடுத்துவிட்டார்கள். இனிப் படிக்க வேண்டியது மற்றவர்கள்தான்.

கட்டம் இல்லாத படிவம்

சேலத்தில் டிரைவர் வேலை பார்த்த அப்பாவுக்கும் தையல் வேலை செய்த அம்மாவுக்கும் பிறந்தவர் பிரித்திகா யாஷினி. பையன் என்று வளர்க்கப்பட்டவர், பள்ளி நாள்களிலேயே தாம் ஒரு பெண் என்று உணர்ந்தார். பிள்ளை சொன்னது வீட்டுக்குப் புரியவில்லை. கோயில், ஜோசியர், டாக்டர் என்று கூட்டிக்கொண்டு அலைந்தார்கள். எந்த வீட்டிலும் இதுதான் நடக்கிறது. பெற்றவர்களுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

கணினிப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு பிரித்திகா சென்னைக்கு வந்தார். பெண்கள் விடுதி ஒன்றில் காப்பாளர் வேலை பார்த்தார். வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. சிறு வயசிலிருந்தே போலீஸ் வேலைமேல் ஆசை. 2015-இல் சார்பு ஆய்வாளர் பணிக்கு அறிவிப்பு வர, விண்ணப்பித்தார். படிவத்தில் ‘ஆண்’ என்று ஒரு கட்டம், ‘பெண்’ என்று ஒரு கட்டம். மூன்றாவது கட்டம் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2014 ஏப்ரல் 15-இல், உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அரசியல் சட்டம் தரும் உரிமை என்று எழுதியிருந்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்லி ஓராண்டு ஆகியும் ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் போடப்படவில்லை. தீர்ப்புக்கும் படிவத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தில்தான் எத்தனையோ பேரின் வாழ்க்கை வீணாய்ப் போயிருக்கிறது.

பிரித்திகா விடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உயர் நீதிமன்றம் போனார். எழுத்துத் தேர்வுக்கு உட்கார ஒரு வழக்கு. உடல்தகுதித் தேர்வில் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடிச் சொச்சம் கூடுதலாகிவிட்டது என்று மறுத்தபோது இன்னொரு வழக்கு. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அவரைப் பணியில் சேர்க்கச் சொன்னதோடு, அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்தவருக்கும் இடம் வையுங்கள் என்றும் அரசுக்குச் சொன்னது. 2017 ஏப்ரலில் தர்மபுரியில் காக்கிச் சட்டையோடு அவர் பொறுப்பேற்றார். இந்தியாவின் முதல் திருநங்கை சார்பு ஆய்வாளர்.

அவர் திறந்த கதவு வழியே பிறகு பலர் வந்தார்கள். 2018-இல் சத்யஸ்ரீ ஷர்மிளா வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 2022 உள்ளாட்சித் தேர்தலில் வேலூர் மாநகராட்சியில் கங்கா நாயக் கவுன்சிலர் ஆனார். அதே ஆண்டு திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து சிவன்யா சார்பு ஆய்வாளர் ஆனார். மகிழ்ச்சியான செய்திகள்தான். ஆனாலும் ‘முதல் திருநங்கை’ என்ற தலைப்பு இன்னும் எத்தனை வருஷத்துக்குச் செய்தியாக இருக்கப் போகிறது என்ற கேள்வி வருகிறது. பத்தாவது, நூறாவது என்று எண்ணுகிற நாள் வர வேண்டுமென்றால், தனி இடஒதுக்கீடு வேண்டும் என்கிறார் கிரேஸ் பானு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை அவர். தலித் சமூகத்தில் பிறந்தவர். சாதியால் ஒரு தடை, பாலினத்தால் ஒரு தடை என்று இரண்டையும் சுமப்பவர்களுக்கு, அவரவர் சாதிப் பிரிவுக்குள்ளேயே திருநர்களுக்குக் கிடைமட்ட ஒதுக்கீடு வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கர்நாடகம் 2021-இலேயே அரசு வேலையில் 1 சதவீதத்தை இப்படிக் கொடுத்துவிட்டது. திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்ததில் நாட்டுக்கே முன்னோடியான தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்பது சரியில்லை.

பறிபோன பதக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா, அம்மா செங்கல் சூளைத் தொழிலாளர்கள். பேத்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. ஊருக்கு வெளியே மண் தரையில் ஓட வைத்து, காலுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கித் தந்தார். அந்தப் பேத்தி சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். ஆசிய விளையாட்டில் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் பெண்.

சில நாள்களில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பாலினச் சோதனையில் தேறவில்லை என்றார்கள். என்ன சோதனை, என்ன முடிவு என்று அவருக்குப் பக்குவமாக விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லை. தொலைக்காட்சிச் செய்தியில் உலகம் பார்த்தபோதுதான் அவரும் பார்த்தார். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்களோடு ஓடிய ஒருவரிடம் ‘நீ பெண்ணில்லை’ என்று ஊரறியச் சொன்னார்கள். சாந்தி எந்த ஊக்கமருந்தும் போடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு அவர் உயிரை விடவும் துணிந்தார். பிழைத்து வந்தார். அன்றைய முதல்வர் கருணாநிதி கொடுத்த 15 லட்சம் ரூபாயை வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பணம் தீர்ந்தது. ஆசியாவில் இரண்டாவதாக வந்த கால்கள் மறுபடி செங்கல் சூளைக்கே கூலி வேலைக்குப் போயின. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, நெடுநாள் போராடி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். பறித்த பதக்கம் பறித்ததுதான்.

உடலமைப்பு ஆண், பெண் என்ற வரையறைக்குள் முழுசாக அடங்காமல் பிறக்கும் குழந்தைகள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் பல காலமாக என்ன நடந்தது? பிறந்த சில நாள்களிலோ மாதங்களிலோ அறுவை சிகிச்சை செய்து ‘ஏதாவது ஒன்றாக’ ஆக்கிவிடுவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு உடம்பில் ஒரு தழும்பு இருக்கும். அது எதனால் வந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர, கைக்குழந்தைகளுக்கு இப்படி அறுவை சிகிச்சை கூடாது என்றார். அந்த ஆகஸ்ட்டிலேயே தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம்.

அந்தத் தீர்ப்பு வந்த வழக்கே வேறு. தூத்துக்குடியில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் திருமணத்தைப் பதிய மறுத்துவிட்டார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் பிறப்பால் பெண்ணானவரை மட்டும் குறிப்பதல்ல, திருநங்கையும் மணமகள்தான் என்றார் நீதிபதி. ஒரு கல்யாணச் சான்றிதழ் கேட்டுப் போனவர்களால், பேச்சு வராத எத்தனையோ கைக்குழந்தைகளின் உடம்பு காப்பாற்றப்பட்டிருக்கிறது.

உயர்திணை

தமிழுக்குத் திருநர்கள் புதியவர்கள் அல்லர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்கு இலக்கணம் சொல்கிறார். அவர்களுக்கென்று தனி விகுதி மொழியில் இல்லை. ஆனால் அவர்கள் உயர்திணை. மனிதர்க்குரிய வினைமுடிவே அவர்களுக்கும் உரியது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இலக்கணத்தில் கிடைத்த கட்டம், 2015 விண்ணப்பப் படிவத்தில் கிடைக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் பேடி ஆடலும் ஒன்று. காமன் பேடி வடிவம் எடுத்து ஆடியது அது.

இலக்கணம் உயர்திணை என்று சொன்னாலும் தெரு அஃறிணையாகத்தான் பேசியது. ‘அலி’, ‘ஒம்போது’, இன்னும் எழுதக் கூசும் சொற்கள். பேருந்தில், பள்ளிக்கூடத்தில், சினிமாவில். நடையில் கொஞ்சம் நளினம் இருக்கும் பையனைப் பார்த்து ‘ஒம்போது’ என்று ஒருவன் கத்தினால் வகுப்பே சிரிக்கும். சில நேரம் வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்போடு படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை.

சொல் மாறியது. பாரதக் கதையில் களப்பலியாகும் அரவானை ஒட்டி ‘அரவாணி’ என்றார்கள். பிறகு கருணாநிதி ஆட்சியில் ‘திருநங்கை’ என்ற சொல் அரசு வழக்குக்கு வந்தது. 2008 ஏப்ரல் 15-இல் இந்தியாவிலேயே முதல்முறையாகத் திருநங்கைகளுக்கென்று நலவாரியம் அமைந்தது. அதனால்தான் ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் ஓர் ஏப்ரல் 15 என்பது தற்செயல்.

ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கு சொற்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது. பத்திரிகைகளும் அரசு அலுவலகங்களும் இவர்களை எப்படி அழைப்பது? மரியாதையான தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்க, அந்தச் சமூகத்தினரோடு கலந்து ஒரு சொற்பட்டியல் தயாரானது. 2022 ஆகஸ்ட்டில் அரசிதழில் வெளியிட்டார்கள். பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் உணர்பவர் ‘திருநம்பி’. உடற்கூறில் ஆண், பெண் எனப் பிரிக்க முடியாதவர் ‘ஊடுபால்’. இந்த எல்லா வகையினரையும் அணைத்துக்கொள்ளும் சொல்லாகப் ‘பால்புதுமையர்’. நாவில் புரளச் சில நாள் ஆகும். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. இன்று ஊனம் என்று எழுதப் பேனா கூசுகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில், சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவர் கோயிலில் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுகிறார்கள். அந்த இரண்டு நாளும் நாடெங்குமிருந்து கேமராக்கள் வருகின்றன. மீதி நாள்களில் அவர்கள் எங்கே வசிக்கிறார்கள், வாடகை எவ்வளவு கொடுக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் எந்த வார்டில் படுக்க வைக்கிறார்கள் என்று பார்க்க எந்தக் கேமராவும் வருவதில்லை.

ஓர் ஆண்டு காத்திருப்பு

மதுரையில் நடனப் பித்துப் பிடித்த இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் நர்த்தகி நடராஜ், இன்னொருவர் தோழி சக்தி. சின்ன வயசில் வைஜெயந்திமாலா ஆடிய படங்களைப் பார்த்துப் பார்த்து ஆடிப் பழகியவர்கள். பையன்கள் பெண்போல ஆடுகிறார்கள் என்று ஊர் கேலி செய்தது. வீட்டில் இருக்க முடியவில்லை. வைஜெயந்திமாலாவின் குருவிடமே கற்க வேண்டும் என்று தஞ்சை கே.பி.கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார்கள். தஞ்சை நால்வர் வழிவந்த பெரும் நட்டுவனார் அவர். உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வைத்தார்.

எதற்காக? பாலினத்துக்காக இல்லை. கலையின்மேல் உள்ள பிடிப்பு உண்மையா என்று பார்த்தார். உண்மை என்று தெரிந்ததும் சேர்த்துக்கொண்டார். ‘நர்த்தகி’ என்ற பெயரையும் அவரே வைத்தார். பதினைந்து ஆண்டுகள் குருகுலவாசம். ஒரு மாணவரிடம் என்ன கேட்க வேண்டுமோ அதை மட்டும் கேட்டார், வேறெதையும் கேட்கவில்லை. அந்தப் பெரியவரின் இந்த நிதானத்தை நினைக்கும்போது மனசு நெகிழ்கிறது. அந்தக் காலத்தில், சட்டம், வாரியம், அரசிதழ் எதுவும் இல்லாதபோது, சம்பிரதாயத்தில் ஊறிய ஒரு தஞ்சாவூர்க்காரர் செய்த காரியம் இது.

நாயகி பாவத்தில் நர்த்தகிக்கு இணை இல்லை என்று ரசிகர்கள் பேசும் காலம் வந்தது. சங்கீத நாடக அகாடமி விருது வந்தது. 2019-இல் பத்மஸ்ரீ, அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர் ஆனார்.

எல்லோருக்கும் கிட்டப்பா பிள்ளை கிடைக்கவில்லை. வீடு துரத்திய பெரும்பாலோருக்கு ஜமாத்துதான் வீடு. மூத்த திருநங்கை ஒருவர் மகளாய் ஏற்றுக்கொள்வார்; அவர்தான் அம்மா, அவருடைய அம்மா பாட்டி. மூத்தவரைக் கண்டால் ‘பாம்படுத்தி’ என்று வணங்க வேண்டும். அறுவை சிகிச்சையை ‘நிர்வாணம்’ என்பார்கள். வேலை கொடுக்க ஆளில்லாததால் பிழைப்புக்குக் கடை கடையாய்ப் போய்க் கைதட்டி நிற்பது. அதற்குப் பெயர் ‘கடை கேட்பது’. இந்த உலகத்தை உள்ளிருந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். ரேவதி, பிரியா பாபு, லிவிங் ஸ்மைல் வித்யா. வித்யாவின் ‘நான் வித்யா’ கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருதும் கிடைத்தது. பட்டப்படிப்பு முடித்த பெண் ரயிலில் கைநீட்ட நேர்ந்த கதை அது. வேலை கொடுக்க மறுத்துவிட்டு, கைநீட்டினால் முகம் சுளிப்பது என்ன நியாயம்?

வீட்டு வாசல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக ஆண், பெண் தவிர ‘மற்றவர்’ என்று ஒரு பிரிவு வந்தது. நாடு முழுக்க 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364. உண்மைத் தொகை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். கதவைத் தட்டிக் கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் எத்தனை பேர் உள்ளதைச் சொல்லியிருப்பார்கள்? ஆனாலும் அந்தக் கணக்கில் ஓர் எண் கண்ணில் நிற்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 55,000 குழந்தைகள் அந்தப் பிரிவில் இருந்தார்கள். ஆறு வயசுக் குழந்தை தானாகப் போய்ப் பதிவு செய்துகொள்ளாது. வீட்டிலிருந்த பெரியவர்கள் யாரோ வாய்திறந்து சொல்லியிருக்கிறார்கள்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய தோழியிடமிருந்து பிரித்துக் குடும்பத்தார் வீட்டில் அடைத்துவைத்திருந்தார்கள். தோழி ஆட்கொணர்வு மனுப் போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடம் நேரில் கேட்டார்கள். தாம் யார், யாரோடு போக விரும்புகிறார் என்று அவர் தெளிவாகச் சொன்னார். போகலாம் என்றது நீதிமன்றம். தன்பால் திருமணத்துக்கு 2023-இல் உச்ச நீதிமன்றம் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது. ஆனால் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

நீதிமன்றத்துக்கு அந்தப் பெண்ணின் தாயும் வந்திருந்தார். மகள் கெட்டுப்போய்விட்டாள், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அழுதார். நீதிபதிகள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாத் தாயும் லைலா சேத் ஆகிவிட முடியாது என்று குறிப்பிட்டார்கள். மாநில உயர் நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியாக இருந்த முதல் பெண் அவர். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு மறுபடி உயிர்பெற்றபோது, என் மகன் குற்றவாளியா என்று பத்திரிகையில் எழுதிக் கேட்டவர். அந்தப் பிரிவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய பகுதி 2018 செப்டம்பர் 6-இல் ஒழிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை; அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

படித்த, பதவியில் இருந்த தாய்க்கு அது முடிந்தது என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டாம். படிப்பில்லாத எத்தனையோ தாய்மார்கள், அப்பாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய், வீட்டைவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்து, முந்தானையில் முடிந்த காசைக் கையில் திணித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கூவாகத்துக்குப் போனால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாக்களையும் பார்க்கலாம். அவர்களுக்கு அரசிதழும் தெரியாது, தீர்ப்பும் தெரியாது. பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கத் தெரியும்.

இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஒரு நாள், ‘நான் நீங்க நினைக்கிற மாதிரி இல்லம்மா’ என்று சொல்ல வரும்போது, டி.வி.யை நிறுத்துங்கள். முழுசாகச் சொல்லி முடிக்க விடுங்கள். ஜோசியரிடமோ, ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்பவரிடமோ அழைத்துப் போகாதீர்கள். படிப்பை நிறுத்தாதீர்கள், அடுத்த நாளும் பள்ளிக்கு அனுப்புங்கள், அங்கே கேலி செய்தால் நீங்களே போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒன்றும் விளங்கவில்லை என்றால், ‘எனக்குத் தெரியலப்பா, நீயே சொல்லு’ என்று பிள்ளையிடமே கேளுங்கள். அன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, எல்லோரோடும் சேர்த்து அந்தப் பிள்ளைக்கும் தட்டு வையுங்கள்.